ஆறரைக் கிலோ கடல்

பீலித் தண்ணீரைத்தான் முதலில் சோதித்தேன்.
குழாயில் பத்துச் சொட்டு, ஒரு குலுக்கல், ஐந்து நிமிடம்:
ஆரஞ்சு.
மேலே மலைக்குப் போட்ட உரமெல்லாம்
எங்கள் வாளியில் இறங்கியிருக்கிறது.
நாங்கள் குடித்து வளர்ந்தோம், பரவாயில்லை.
மீனுக்கு ஆகாது.

ஆகவே வடித்த தண்ணீர், இருபது லீற்றர் கேன் ஒன்பது,
ஓட்டோவில் இரண்டு நடை.
உப்பு ஆறரைக் கிலோ, கொழும்பிலிருந்து பார்சல்.
ஹட்டனில், நாலாயிரம் அடி உயரத்தில்,
பார்லர் கண்ணாடிக்கும் ஸ்டீமருக்கும் நடுவே
கல்யாணச் சோறு கிண்டும் மரத்துடுப்பால்
நின்றபடியே ஒரு கடலைக் கலக்கினேன்.

நீர்கொழும்புக் கடைக்காரர்
தன் தொட்டியின் பஞ்சு ஒரு துண்டு கிள்ளி
ஈரப் பத்திரிகையில் சுற்றி பஸ்ஸில் அனுப்பியிருந்தார்.
அதுதான் விதை.

சந்தையில் இறால் கேட்டேன்.
"ஒரு கிலோவா?"
"ஒரு இறால்."
ஃபசீர் நானா தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
காசு வாங்கவில்லை.
தொட்டியில் போட்டு அழுகவிட்டேன்.

நான்காம் நாள் குழாய் பச்சை. அமோனியா.
பதினோரு வருஷம் தலைக்கு டை அடித்தவளுக்கு
அதை யாரும் அறிமுகம் செய்யத் தேவையில்லை.
சோதனைப் பெட்டியின் நிற அட்டையை
டை அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.
ஒரு சாயலுக்கும் அடுத்த சாயலுக்கும் வித்தியாசம் சொல்வது
என் பிழைப்பு.

வருகிறவர்கள் கண்ணாடியில் பார்த்தே கேட்பார்கள்.
"மீன் எங்க?"
"இன்னும் இல்ல."
"செத்துப்போச்சா?"
"வரவேயில்ல."
புருவத்தில் நூல் ஓடும்போது தலை திருப்ப முடியாது,
ஆகவே சுருக்கமாகச் சொல்வேன்:
கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் குடியேற வேண்டும்,
நஞ்சைத் தின்னும் கூட்டம்.
அது கழிப்பதும் நஞ்சு.
அதைத் தின்ன இன்னொரு கூட்டம்.
"நம்ம கட்சிக்காரங்க மாதிரி" என்றாள் செல்வமலர்,
மேலுதட்டில் பவுடரோடு.

பதினேழாம் இரவு கரண்ட் போனது.
வெளியே பதின்மூன்று பாகை.
பார்லரின் துவாய் எல்லாவற்றையும் தொட்டிக்குச் சுற்றினேன்,
போதாமல் என் ஸ்வெட்டரும்.
பற்றரி பம்ப் குமிழ் குமிழாய் இருமியது.
ஜெயசீலன் வீட்டிலிருந்து அழைத்தார்:
"ஒண்ணுமே இல்லாத தண்ணிக்கா காவல்?"
ஆமாம் என்றேன்.

இருபத்திரண்டாம் நாள், கருவாட்டு லொறியில்,
துஷ்யந்தன் வந்து இறங்கினான்.
கையில் பொலித்தீன் பை. பைக்குள்
ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டி.
சொல்லாமல் வாங்கி வந்த தம்பி.
அன்று காலைதான் நைட்ரைற் குழாய்
கத்தரிப்பூ நிறத்தில் நின்றது.
பை வெளிச்சத்தில் மெல்லத் திரும்பியது.
மீன் என்னைப் பார்த்தது,
அல்லது பையில் தெரிந்த தன்னை.
"விடுங்க அக்கா, எவ்வளவு வடிவு."
விட்டிருக்கலாம். ஒரு நாள் நீந்தியிருக்கும், இரண்டு நாளும்கூட.
அத்தனை பேரும் கண்ணாடியில் பார்த்திருப்பார்கள்.

லொறி அன்றைக்கே இறங்கியது.
பை கிளீனரின் மடியில், என் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு.
கினிகத்தேனை தாண்டி ஒரு மெசேஜ்:
உயிரோட இருக்கு. உங்களுக்குத்தான் பைத்தியம்.
பிறகு நெடுநேரம் ஒன்றும் வரவில்லை.
ஒரு மணப்பெண்ணுக்குக் கொண்டை கட்டினேன்,
இரண்டு தடவை ஊசியை மாற்றிக் குத்தினேன்.
இரவு பதினொன்றுக்கு: கடையில குடுத்தாச்சு. நீந்துது.

அடுத்த வாரம் மணல் பழுப்பேறியது,
மருதாணி காயவிட்ட உள்ளங்கைபோல.
துடைக்கவில்லை.

முப்பத்தாறாம் நாள்.
ஒரு குழாய் மஞ்சள், ஒன்று வெளிர்நீலம்.
மூன்றாவது சிவப்பு; அதற்கு வாளி இருக்கிறது,
நாளை பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும்.
இறாலில் மிச்சம் ஓடு மட்டும்.

பூட்டுவதற்கு முன் டோர்ச் அடித்தேன்.
கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாய்ப் பொடி.
பொடுகு, தொழில் புத்தி, விரலால் தேய்த்தேன்.
போகவில்லை. வெளிச்சத்தை நெருக்கினேன்.
பொடி ஓடியது.